மெல்போர்ன் கிரேக்கத் திரைப்பட விழா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அக்டோபர் வந்தால் மெல்போர்னில் வசந்த காலம். எனக்கு அது கிரேக்கப் படங்களின் மாதமும்கூட. நான் கிரேக்கன் இல்லை, விழாக் குழுவிலும் இல்லை. பல ஆண்டுகளாக விடாமல் போய்வரும் ஒரு பார்வையாளன், அவ்வளவுதான். "இந்த வருஷம் நாங்களும் வரலாமா?" என்று கேட்கும் நண்பர்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போவதால், அவர்கள் வழக்கமாகக் கேட்பவற்றுக்கான பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

இது என்ன விழா? நடத்துவது யார்?

மெல்போர்னின் கிரேக்கச் சமூக அமைப்பு நடத்தும் வருடாந்தரத் திரைப்பட விழா. அந்த அமைப்பு 1897இல் தொடங்கப்பட்டது. ஆஸ்திரேலியா என்ற கூட்டாட்சி 1901இல்தான் பிறந்தது என்பதை நினைத்துப் பார்த்தால் அதன் வயது புரியும். நகரின் நடுவில், லான்ஸ்டேல் தெருவும் ரஸ்ஸல் தெருவும் சந்திக்கும் முனையில் அவர்களுடைய பல மாடிக் கட்டடம் நிற்கிறது. மொழி வகுப்புகள், சொற்பொழிவுகள், தெருத் திருவிழா என்று ஆண்டு முழுவதும் ஏதாவது நடந்துகொண்டே இருக்கும். அவற்றில் ஒன்று இந்தப் பட விழா. கிரேக்கக் குடியேறிகளிடையே வேரூன்றிய டெல்ஃபி வங்கி நீண்ட காலம் இதன் முதன்மைப் புரவலராக இருந்தது. அதனால் பழைய பார்வையாளர்கள் பலர் வங்கியின் பெயரைச் சேர்த்தே விழாவைச் சொல்வார்கள். படங்கள் பேலஸ் நிறுவனத்தின் திரையரங்குகளில் ஓடுகின்றன.

கிரீஸிலிருந்து இவ்வளவு தொலைவில், மெல்போர்னில் ஏன்?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். விழாவின் உயிர் இருப்பது இங்கேதான்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு கிரீஸில் உள்நாட்டுப் போர் மூண்டது. 1949இல் அது ஓய்ந்தபோது கிராமங்கள் வெறுமையாகிக் கிடந்தன. 1952இல் ஆஸ்திரேலியாவும் கிரீஸும் குடியேற்ற உடன்பாடு செய்துகொண்டன. அதன் பிறகு பிரேயஸ் துறைமுகத்திலிருந்து கப்பல் கப்பலாக ஆட்கள் வந்தார்கள். 1959இன் இறுதியில் 'பத்ரிஸ்' என்ற கப்பல் இந்தத் தடத்தில் ஓடத் தொடங்கியது. பத்ரிஸ் என்றால் தாயகம். தாயகம் என்று பெயர் சூட்டிய கப்பலில் ஏறித்தான் தாயகத்தை விட்டு வந்தார்கள். போர்ட் மெல்போர்னின் ஸ்டேஷன் பியர் துறையில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள். மறுவாரமே தொழிற்சாலை வேலை. ஆங்கிலம் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை எங்கே போவது?

படத்துக்குத்தான் போனார்கள். கவிஞரான ஸ்தாதிஸ் ரஃப்டோபூலோஸும் சைப்ரஸிலிருந்து வந்த பீட்டர் யானூடிஸும் ஊரிலிருந்து படச்சுருள்களை வரவழைத்து மெல்போர்னில் திரையிட்டார்கள். அவர்களுடைய காஸ்மோபாலிட்டன் நிறுவனம் அரங்குகளை வாடகைக்கு எடுப்பதில் தொடங்கி, சொந்தமாக வாங்கும் அளவுக்கு வளர்ந்தது. நார்த்கோட்டின் வெஸ்ட்கார்த், செயின்ட் கில்டாவின் ஆஸ்டர் போன்ற அரங்குகள் கிரேக்கப் படங்களால் நிரம்பின. வேலை தேடியவர் முதலாளியைப் பற்றி விசாரித்ததும், பெண் பார்க்க நினைத்தவர் பெண் வீட்டாரைப் பார்த்ததும், ஊர்க் கடிதத்தை உரக்கப் படித்ததும் அந்த அரங்குகளின் முகப்பில்தான். கோயிலுக்கு அடுத்தபடி சனம் கூடிய இடம் அது.

ஆகவே, மெல்போர்னில் கிரேக்கப் பட விழா என்பது யாரோ வெளியிலிருந்து கொண்டுவந்து நட்ட செடி என்று நான் ஒருபோதும் நினைத்ததில்லை. அடிமரம் அறுபட்ட இடத்தில் துளிர்த்த கிளை அது.

அந்த அரங்குகள் இப்போது இருக்கின்றனவா?

சில இருக்கின்றன. 1975இல் வண்ணத் தொலைக்காட்சி வந்தது. 1980இல் எஸ்.பி.எஸ். தொலைக்காட்சி தொடங்கி, கிரேக்கம் உட்படப் பல மொழி நிகழ்ச்சிகளை வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்தது. பின்னாலேயே வீடியோ கேசட். கிரேக்கப் படச் சுற்று அதோடு முடிந்தது. ஆனால் ஆஸ்டர் பிழைத்தது. 1936இல் திறக்கப்பட்ட அந்த ஒற்றைத் திரை அரங்கு, மாடி இருக்கைகளோடும் பழைய அலங்காரத்தோடும் இன்றும் படம் காட்டுகிறது. 2015 முதல் அதையும் பேலஸ் நிறுவனமே நடத்துகிறது. வெஸ்ட்கார்த்தும் அவர்கள் கையில்தான். விழா நடக்காத மாதத்தில் மெல்போர்னுக்கு வருகிறவர்கள்கூட ஆஸ்டரின் மாடிப்படியில் ஒருமுறை ஏறி இறங்க வேண்டும்.

எப்படிப்பட்ட படங்கள் வரும்? கிரேக்கப் படம் என்றாலே விசித்திரமாக இருக்கும் என்கிறார்களே?

அப்படிச் சொல்பவர்கள் பெரும்பாலும் யோர்கோஸ் லாந்திமோஸைப் பார்த்துவிட்டுச் சொல்கிறார்கள். அவருடைய 'டாக்டூத்' 2009இல் கான் விழாவின் 'அன் செர்தென் ரிகார்' பிரிவில் முதல் பரிசு பெற்றது. வளர்ந்த மூன்று பிள்ளைகளை ஒரு தகப்பன் வேலிக்கு வெளியே விடாமல் வளர்க்கும் கதை. வெளியுலகச் சொற்கள் உள்ளே வந்துவிட்டால் அவற்றுக்குப் பொய்யான பொருள் கற்பிக்கப்படும். அங்கே 'கடல்' என்றால் கை வைத்த நாற்காலி. அடுத்த ஆண்டே அத்தினா ரேச்சல் சங்காரியின் 'அட்டென்பெர்க்' வெனிஸுக்குப் போனது, அதில் நடித்த அரியான் லபேத் சிறந்த நடிகைக்கான விருது பெற்றார். 2011இல் ஒரு பிரிட்டிஷ் பத்திரிகையாளர் இவற்றையெல்லாம் சேர்த்துக் 'கிரேக்க விசித்திர அலை' என்று பெயர் வைத்தார். பெயர் ஒட்டிக்கொண்டது. கிரீஸ் கடனில் மூழ்கிக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. வீடு என்ற அமைப்பே நோய்பட்டுக் கிடப்பதைக் காட்டிய படங்கள் அந்த நேரத்தில் உலகத்தின் கண்ணில் பட்டதில் வியப்பில்லை.

அந்தப் படங்களை நான் மதிக்கிறேன். ஆனாலும், அந்த ஒரு பெயருக்குள் ஒரு நாட்டின் சினிமாவையே அடைப்பது பெரிய அநியாயம். அதே காலத்தில்தான் பந்தெலிஸ் வூல்காரிஸ் 'சின்ன இங்கிலாந்து' எடுத்தார். ஆண்ட்ரோஸ் தீவின் மாலுமிக் குடும்பம், ஒரே ஆணின் மேல் மனம் வைத்த இரண்டு சகோதரிகள், கடலுக்குப் போன கணவனுக்காகக் காத்திருக்கும் வீடுகள்: எல்லாம் பழைய முறையில், நிதானமாகச் சொல்லப்படும் கதை. விழாவில் இரண்டு வகையும் அருகருகே ஓடும். நகைச்சுவைப் படம், பாடலாசிரியர் ஒருவரின் வாழ்க்கைப் படம், குற்றப் படம், ஆவணப் படம், மாணவர்களின் குறும்படம் எல்லாம் உண்டு. கிரீஸின் தெசலோனிகி நகரில் பெரிய திரைப்பட விழா ஆண்டுதோறும் நவம்பரில் நடப்பதால், அங்கே பாராட்டுப் பெற்றவை பெரும்பாலும் அடுத்த அக்டோபரில்தான் இங்கே வந்து சேரும்.

சைப்ரஸ் படங்களையும் சேர்ப்பார்களா?

சேர்ப்பார்கள். கிரேக்க சினிமாவை உலகம் அறியச் செய்தவரே சைப்ரஸின் லிமசோலில் பிறந்த மிகாலிஸ் காகோயானிஸ்தானே. 1955இல் 'ஸ்டெல்லா' படத்தில் மெலினா மெர்கூரியை முதன்முதலாகத் திரைக்குக் கொண்டுவந்தவர் அவர். 1964இல் வந்த அவருடைய 'ஸோர்பா' மூன்று ஆஸ்கர் விருதுகளைப் பெற்றது.

எனக்குக் கிரேக்க மொழி ஒரு சொல்கூடத் தெரியாது. புரியுமா?

ஆங்கில சப்டைட்டில் எல்லாப் படங்களுக்கும் உண்டு. ஆங்கிலம் படிக்க முடிந்தால் போதும், கதை புரியும்.

இன்னொரு துணையும் உங்களுக்கு அங்கே கிடைக்கும். அரங்கில் பாதிப் பேருக்குக் கிரேக்கம் தெரியும். சப்டைட்டில் திரையில் வருவதற்குள் அவர்கள் சிரித்துவிடுவார்கள். முதல் நாள் எனக்கு அது இடைஞ்சலாகத்தான் இருந்தது. இரண்டாவது படத்தில் அந்தச் சிரிப்பைக் கேட்டே காட்சியைப் படிக்கத் தொடங்கிவிட்டேன். எங்கே சிரிப்பு எழுந்து பாதியில் நின்றது, எங்கே பெருமூச்சு வந்தது என்பதெல்லாம் எந்த மொழிபெயர்ப்பிலும் வராதவை.

சில விஷயங்கள் சப்டைட்டிலில் தொலையும், அதை மறைக்க மாட்டேன். 2003இல் தாசோஸ் பூல்மெதிஸ் எடுத்த 'பொலிதிகி கூஸினா' நல்ல எடுத்துக்காட்டு. அழுத்தத்தை 'லி'யில் வைத்துச் சொன்னால் 'நகரத்துச் சமையல்' என்று பொருள். நகரம் என்றால் கிரேக்கர்களுக்குக் கான்ஸ்டான்டிநோபிள், அதாவது இஸ்தான்புல். அழுத்தத்தை 'கி'க்கு நகர்த்திவிட்டால் 'அரசியல் சமையல்'. கிரேக்கத்தில் பெரிய எழுத்துகளில் எழுதும்போது அழுத்தக் குறி போடுவதில்லை என்பதால், விளம்பரத் தட்டியில் இரண்டு பொருளும் ஒன்றாக நின்றன. ஆங்கிலத் தலைப்பில் மசாலா மணம் மட்டும் மிஞ்சியது.

பழைய படங்கள் காட்டுவார்களா?

சில ஆண்டுகளில் ஒன்றிரண்டு. அப்படி ஏதாவது அறிவிப்பைப் பார்த்தால் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு அதற்கு முதலில் டிக்கெட் வாங்குங்கள்.

ஃபிலோபிமின் ஃபினோஸ் 1943இல், ஜெர்மானிய ஆக்கிரமிப்புக் காலத்திலேயே, ஏதென்ஸில் தொடங்கிய ஃபினோஸ் ஃபிலிம் நிறுவனம் அறுபதுகளில் கிரீஸின் மாபெரும் படக்கூடமாக இருந்தது. நடிகை அலிகி வூயூக்ளாகி சிரித்தால் நாடே சிரித்த காலம். தனாசிஸ் வெங்கோஸ் என்ற ஒல்லியான நடிகர் படம் முழுக்க ஓடிக்கொண்டே இருப்பார். வேலைக்கு, வேலை போனதும் அடுத்த வேலைக்கு, கடன்காரனிடமிருந்து தப்பிக்க. மெல்போர்னில் தொழிற்சாலைச் சங்கு ஊதும் முன் ஓடிப் பழகியவர்களுக்கு அந்த ஓட்டம் எப்படித் தெரிந்திருக்கும் என்று யோசியுங்கள்.

ஒருமுறை அப்படியோர் பழைய நகைச்சுவைப் படத்தில் என் பக்கத்து இருக்கையில் ஒரு பாட்டி. எண்பதைத் தாண்டியவர், கறுப்புச் சேலைபோல மேலே ஒரு துணியைப் போர்த்தியிருந்தார். ஒவ்வொரு வசனத்தையும் நடிகர் சொல்வதற்கு அரை நொடி முன்னால் மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டே இருந்தார். யாரும் அவரை அதட்டவில்லை. முன்வரிசையில் இருந்த ஒருவர் திரும்பிப் பார்த்துவிட்டு, அடுத்த வசனத்தைத் தானும் சேர்ந்து சொன்னார். படம் எனக்கு இப்போது பாதிதான் நினைவிருக்கிறது. அந்தக் குரல் முழுவதும் நினைவிருக்கிறது.

இயக்குநர் ஆஞ்சலோபூலோஸின் படங்கள் மிகவும் மெதுவாகப் போகும் என்கிறார்களே, பொறுமை வேண்டுமா?

வேண்டும். 1975இல் வந்த 'பயண நடிகர்கள்' ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஓடும். மொத்தமே எண்பது ஷாட்டுகள்தான். 1939 முதல் 1952 வரை ஊர் ஊராகப் போகும் ஒரு நாடகக் குழு, 'கோல்ஃபோ' என்ற பழைய இடையர் நாடகத்தைப் போட முயல்கிறது. படையெடுப்பு, கைது, துப்பாக்கிச் சூடு என்று ஏதாவது ஒன்று குறுக்கே வந்து நாடகத்தை நிறுத்திவிடும். இதைத் தியோ ஆஞ்சலோபூலோஸ் ராணுவ ஆட்சியின் கண்ணெதிரிலேயே எடுக்கத் தொடங்கினார் என்பதை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் மெதுவாகப் போகிறது என்ற எண்ணமே வராது.

நான்கு மணி நேரம் அதிகம் என்று தோன்றினால், 1998இல் கானில் தங்கப் பனையோலை விருது வென்ற 'நித்தியமும் ஒரு நாளும்' படத்தில் தொடங்கலாம். 2012 ஜனவரியில், அடுத்த படத்தின் படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தபோது, பிரேயஸ் அருகே சாலையைக் கடக்கையில் மோட்டார் சைக்கிள் மோதி அவர் இறந்தார். அந்தப் படம் முடிக்கப்படாமலே நின்றுவிட்டது. அவருடைய படங்களைப் பெரிய திரையில் காட்டும் வாய்ப்பு எங்கே வந்தாலும் விடாதீர்கள். மூடுபனியைக் கைப்பேசியில் பார்க்க முடியாது.

வீட்டிலேயே ஓடிடியில் பார்க்கலாமே, எதற்காக அரங்குக்கு வர வேண்டும்?

லாந்திமோஸின் சில படங்களை வீட்டில் பார்க்கலாம். மற்றவற்றில் பெரும்பகுதி எளிதாகக் கிடைக்காது என்பது நடைமுறைக் காரணம்.

என் உண்மையான காரணம் வேறு. 'பொலிதிகி கூஸினா'வில் இஸ்தான்புல்லில் மளிகைக் கடை வைத்திருக்கும் தாத்தா, பேரனுக்கு மசாலாப் பொருள்களை வைத்து வானியல் கற்றுக் கொடுப்பார். மிளகு சூரியன், இலவங்கப்பட்டை வெள்ளி. 1964இல் சைப்ரஸ் தகராறு முற்றியபோது துருக்கி இஸ்தான்புல்லில் இருந்த கிரேக்கக் குடிமக்களை வெளியேற்றியது. பேரனும் பெற்றோரும் ஏதென்ஸுக்குப் போகிறார்கள், தாத்தா நின்றுவிடுகிறார். அந்த ரயில் நிலையக் காட்சி வந்தபோது அரங்கில் ஒருவரும் அசையவில்லை. தங்கள் சொந்த ரயில் நிலையத்தையும் துறைமுகத்தையும் கண்டவர்கள் அந்த இருட்டில் என்னைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். வீட்டில் அதே படத்தை மறுபடி பார்த்தேன். நல்ல படம்தான். அந்த மௌனம் மட்டும் அதில் இல்லை.

ஒரே ஒரு படத்துக்குத்தான் நேரம் இருக்கிறது. எதைத் தேர்ந்தெடுப்பது?

பரிசு வாங்கிய படத்தைத் தேடாதீர்கள். ஞாயிறு பிற்பகல் காட்சியில் என்ன ஓடுகிறது என்று பாருங்கள். முதியவர்கள் பேரப்பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு வரும் காட்சி அது. படம் சுமாராக இருந்தாலும் ஏமாற மாட்டீர்கள்.

இளம் தலைமுறை வருகிறதா, அல்லது வயதானவர்களின் கூட்டம்தானா?

வார நாள் இரவுக் காட்சிகளில் இளைஞர்கள் நிறைய வருகிறார்கள். ஆஸ்திரேலியாவில் கிரேக்க வம்சாவளியினர் நான்கு லட்சத்துக்கும் மேல். அவர்களில் பெரும்பான்மையோர் இந்த மண்ணிலேயே பிறந்தவர்கள். பாட்டியின் மொழி அவர்களுக்குப் பாதி புரியும், அவர்களும் சப்டைட்டிலைப் படிப்பார்கள். இந்தத் தலைமுறையின் உள்கொதிப்பை மெல்போர்னிலேயே படமாக்கியவர் ஆனா கொக்கினோஸ். கிறிஸ்டோஸ் சியோல்காஸின் நாவலிலிருந்து 1998இல் அவர் எடுத்த 'ஹெட் ஆன்' படத்தை இங்குள்ள வீடுகளில் இன்னும் விவாதிக்கிறார்கள். பெற்றோர் ஒரு பக்கம், பிள்ளைகள் மறு பக்கம்.

குழந்தைகளை அழைத்து வரலாமா?

ஒவ்வொரு படத்துக்கும் பார்த்து முடிவு செய்யுங்கள். விழாப் படங்கள் பல ஆஸ்திரேலியத் தணிக்கைத் தரம் பெறாமலே திரையிடப்படுவதால், 15 வயதுக்கு மேல், 18 வயதுக்கு மேல் என்ற கட்டுப்பாடு இருக்கும். டிக்கெட் வாங்கும் பக்கத்திலேயே குறிப்பிட்டிருப்பார்கள். 'டாக்டூத்' போன்ற படங்களுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகவே கூடாது.

டிக்கெட் எப்போது வாங்குவது? எப்படிப் போவது?

நிகழ்ச்சி நிரல் வெளியானதும் தொடக்க நாளுக்கும் வார இறுதிக்கும் வாங்கிவிடுங்கள். வார நாள் பிற்பகல்களுக்கு அவசரம் இல்லை. பல படங்கள் பார்ப்பதாக இருந்தால் மொத்தமாக வாங்கும் சலுகை இருக்கிறதா என்று கேளுங்கள். விழாவின் அரங்குகளில் ஒன்றான கோமோ சௌத் யாராவில், சாப்பல் தெருவும் டூராக் சாலையும் சந்திக்கும் இடத்தருகே இருக்கிறது. 58ஆம் எண் டிராமும் 78ஆம் எண் டிராமும் போகும். காரில் போனால் நிறுத்த இடம் தேடுவதற்குள் படத்தின் முதல் பத்து நிமிடம் போய்விடும்.

மெல்போர்னில் இல்லாதவர்களுக்கு வழி உண்டா?

சிட்னியிலும் கிரேக்கச் சமூகம் இதேபோன்ற விழாவை நடத்துகிறது. லாஸ் ஏஞ்சலஸில் 2007 முதல் ஒரு விழா நடக்கிறது, அதன் விருதுக்கு ஆர்ஃபியஸ் என்று பெயர். பெர்லினில் 2016இல் 'ஹெல்லாஸ் ஃபிலிம்பாக்ஸ்' தொடங்கியது. கடன் நெருக்கடியில் ஜெர்மனியும் கிரீஸும் ஒன்றையொன்று வசைபாடிக்கொண்டிருந்த நேரத்தில், அந்த நகரத்திலேயே கிரேக்கப் படங்களைக் காட்டத் துணிந்தவர்களை நான் மிகவும் மதிக்கிறேன்.

படம் முடிந்ததும் எங்கே சாப்பிடலாம்?

நேரம் இருந்தால் மெல்போர்னின் புறநகரான ஓக்லிக்குப் போங்கள். ரயில் நிலையத்திலிருந்து சில நிமிட நடை, ஈட்டன் மால் என்ற நடைவீதி. நள்ளிரவை நெருங்கும்போதும் மேசைகள் நிறைந்திருக்கும். தேன் ஊற்றிய லூகுமாதெஸ் உருண்டைகளை வாங்கிக்கொண்டு, நுரை பொங்கும் ஃபிராப்பே காப்பியோடு வெளியே உட்காருங்கள். பக்கத்து மேசையில் யாராவது நீங்கள் பார்த்த படத்தைப் பற்றித்தான் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள். நீங்கள் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் என்று தெரிந்தால் நாற்காலியை உங்கள் பக்கம் திருப்பிவிடுவார்கள்.